பூஜையில் வைத்த கத்தி

அந்த ஜவுளிக் கடையில் வேலை பார்த்த நான்கு வருஷமும் என் கைப்பையை ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. மற்றவர்களின் பைகளைத் திறந்து பார்ப்பதுதான் என் வேலை. தொண்ணூறுகளின் நடுவில், தி.நகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த கடை. என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடியதும், மயிலாப்பூரில் எங்கள் தெருக்காரர்கள் யாருக்கும் சொல்லாமல் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ஊழியர் வாசலில் பிளைவுட் தடுப்பும் ஒரு திரையும் போட்டு, ஒரு ஸ்டூலும் மேஜையும் கொடுத்திருந்தார்கள். விற்பனைக்கு நிற்கும் பெண்கள் காலையில் வரும்போதும் மாலையில் போகும்போதும் பை, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் எனக்குத் திறந்து காட்ட வேண்டும். போகும்போது பார்ப்பது துணி திருட்டுக்காக. வரும்போது பார்ப்பதற்கு வேறு காரணம் இருந்தது.

நான் சேர்வதற்கு முந்தைய வருஷம், ஊருக்குப் போக லீவு கேட்டுக் கிடைக்காத ஒரு விற்பனைப் பையன், பட்டுப் புடவை அடுக்கில் பிளேடால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுப் போய்விட்டானாம். வாங்கிப் போனவர்கள் வீட்டில் பிரித்த பிறகுதான் தெரிந்ததாம். அன்றிலிருந்து சட்டம். கத்தி, பிளேடு, தீப்பெட்டி எதுவும் கொண்டுவரக் கூடாது, மீறினால் பறிமுதல், வேலை நீக்கம் என்று டைப் அடித்த தாள் ஒன்று என் தலைக்கு மேலே ஒட்டியிருந்தது. கடையின் சொந்தக் கத்தரிக்கோல்களையே கவுண்டரில் கயிறு போட்டுக் கட்டிவைத்திருந்தார்கள். புடவைக்குக் குத்த ஆளுக்கு இரண்டு ஊக்கு அனுமதி. பஸ்ஸில் நின்றுகொண்டு வரும் பெண்களுக்கு ஊக்கு புடவைக்கு மட்டுமல்ல என்பது எனக்குத் தெரியும். அதனால் ஊக்கை நான் எண்ணியதே இல்லை.

மற்றவற்றையும் நான் பறிமுதல் செய்யவில்லை. ஒரு பழைய பிஸ்கட் டின் வைத்திருந்தேன். நகவெட்டியோ பிளேடோ எது வந்தாலும் பெயர் எழுதிய துண்டுத்தாளைச் சுற்றி டின்னில் போட்டுவிட்டு, மாலையில் வீட்டுக்குப் போகும்போது திருப்பிக் கொடுத்துவிடுவேன். இது சட்டத்தில் இல்லை. நானாகச் செய்துகொண்ட ஏற்பாடு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இன்னொரு பெருமையும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் எல்லோருக்கும் நான் மாமி. முதலாளி தெற்குச் சீமைக்காரர். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். புதுக் கல்லாப்பெட்டி வாங்கினாலும் சரி, யார் வீட்டிலாவது தீட்டு வந்தாலும் சரி, அண்ணாச்சி முதல் கடை பெருக்கும் பெண் வரை சாஸ்திரம் கேட்பது என்னிடம்தான். எனக்கு என்ன பெரிதாகத் தெரியும்? அம்மா சொன்னது நாலு, மாமியார் திட்டியது நாலு. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த மரியாதை வேண்டியிருந்தது.

நான் சொல்ல வந்த பெண் பாலியெஸ்டர் புடவைப் பிரிவில் நின்றவள். பட்டினப்பாக்கம் பக்கத்துக் குப்பம். அம்மா மீன் விற்பவள். புடவையை ஓர் உதறலில் விரித்து, வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் பழைய மடிப்பில் மடித்துவிடுவாள். குடித்துவிட்டு அடித்த புருஷனை விட்டு அம்மாவிடம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவன் விடவில்லை. சாயங்காலங்களில் கடைக்கு எதிர்ச்சாரியில் ஜூஸ் கடை ஓரம் நிற்பான். ஒரு தடவை பஸ்ஸில் ஏறி, முகத்தில் கோடு போடாமல் விடமாட்டேன் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னானாம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கோடவுன் வழியாக அடுத்த தெருவில் இறங்கிப் போகட்டுமா என்று சூப்பர்வைசரைக் கேட்டாள். அங்கே பை பார்க்க ஆள் இல்லை என்று அவர் மறுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில், அவள் டிபன் பாக்ஸுக்கு அடியில் கர்சீப்பில் சுற்றிய கத்தி ஒன்று வந்தது. சாண் நீளம்கூட இல்லை. மீன் ஆயும் கத்தி. கைப்பிடியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தது.

"இது என்னடி?" என்றேன்.

"ரிப்போர்ட்டு பண்ணாத மாமி. உள்ள எடுத்துக்கினு போவல. உங்கையிலயே குட்த்துடறேன். போ சொல்லோ குடு, அது போதும்."

"குத்திடுவியா அவன?"

"தெர்ல மாமி. பையில கீதுன்னு இருந்தா ரோட்டுல தல நிமிந்து நடக்க முடியுது."

வாங்கி டின்னில் போட்டேன். சாயங்காலம் கொடுத்தேன். நாலைந்து மாதம் இப்படியே நடந்தது. அவன் நிற்பான், இவள் பைக்குள் கையை விட்டபடி தாண்டிப் போவாள். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கும் அது நகவெட்டி போலப் பழகிவிட்டது.

ஆயுத பூஜை வந்தது. தீபாவளி வியாபாரம் சூடு பிடிக்கும் சமயம் என்றாலும் அன்று ஒரு நாள் ஐந்து மணிக்கே ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்கள். கவுண்டர்களில் கட்டியிருந்த கத்தரிக்கோல்களை அவிழ்த்து, மீட்டர் அளவுகோல், ஸ்டேப்ளர், ஃபால்ஸ் தைக்கும் மெஷினின் ஊசி வரை கொண்டுவந்து பெரிய வாழை இலையில் பரப்பினார்கள். சூப்பர்வைசர் இரும்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேகரித்துக்கொண்டு என் மேஜைக்கும் வந்தார். நான் அப்போது உள்ளே சாமி படத்துக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது டின் காலி. துண்டுத்தாள்கள் மட்டும் அடியில் கிடந்தன.

இலையில் கத்தரிக்கோல்களுக்கு நடுவே டியூப் சுற்றிய கத்தி படுத்திருந்தது. யாருடையது என்று அண்ணாச்சி கேட்டால் அவளுக்கும் வேலை போகும், எனக்கும் போகும். அவர் கேட்கவில்லை. வரிசையாகச் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தவர் அதற்கும் வைத்தார், குங்குமம் வைத்தார், அடுத்ததற்கு நகர்ந்தார். அப்போது ஐந்தரை மணி இருக்கும். பொட்டு வைத்ததும் எல்லாமே சாமியுடையதாகிவிட்டது போல ஒரு நிம்மதி எனக்கு. கற்பூரம் காட்டியதும் பூசணிக்காயைக் குடைந்து குங்குமம் கொட்டித் தெருமுனையில் உடைத்தார்கள். அப்புறம் பொரியும் கடலையும் பொட்டலம் கட்டி, பெயர் கூப்பிட்டு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து முடிக்க ஏழு மணி ஆனது.

அவள் பொரிப் பொட்டலத்தோடு என் திரைக்குள் வந்தாள்.

"மாமி, என்து எங்க?"

"பூஜைல இருக்குடி."

"எட்த்துக் குடு மாமி."

"பூஜைல வெச்சத இன்னிக்குத் தொடப்படாது. நாளைக்குக் கார்த்தால புனர்பூஜை ஆனப்பறம்தான் எடுக்கணும்."

"அவன் நின்னுக்கினு கீறான் மாமி. இப்பதான் ஜன்னல் வயியா பாத்தேன்."

"தினம்தானே நிக்கறான்? இன்னிக்கு நாள் நல்ல நாள். அம்பாள் பாத்துப்பா."

அவள் ஒன்று கேட்டாள். "எட்த்தா சாமி குத்தம் ஆயிடுமா மாமி?"

"ஆயிடும்" என்றேன்.

உண்மையில் அப்போது என் மனதில் இருந்தது சாமி பாதி, பயம் பாதி. எல்லோரும் பார்க்க இலையிலிருந்து அந்தக் கத்தியை எடுத்தால் அது யாருடையது, எப்படி வந்தது, டின் என்ன கதை என்று எல்லாம் வெளியே வரும். சாஸ்திரம் கைக்கு வசதியாக இருந்தது, சொல்லிவிட்டேன். அவளோ நான் சொன்னதை அப்படியே நம்பினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு என்னவோ போல் இருந்தது. என் முந்தானையில் இருந்த ஊக்கைக் கழற்றி, "இத கைல வெச்சுக்கோ" என்று கொடுத்தேன். அதையும் வாங்கிக்கொண்டு போனாள்.

நான் அடுத்தவள் பையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தெருவில் சத்தம் கேட்டது. பூசணிக்காயில் யாரோ வழுக்கி விழுந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். வருஷா வருஷம் நடப்பதுதான். தெருமுனைக்குப் போய்ப் பார்த்தபோதும், தரையில் கிடந்த சிவப்பு எது குங்குமம், எது அவளுடையது என்று எனக்குப் புரியவில்லை. அவள் புருஷன் கத்தியை அவள் முகத்துக்குத்தான் ஓங்கியிருக்கிறான். அவள் வலது கையால் அதன் அலகையே பிடித்துவிட்டாள். அவன் உருவியிருக்கிறான். கன்னத்திலும் ஒரு வெட்டு. சுற்றிலும் ஐம்பது பேர் இருந்தார்கள். எங்கள் கடை ஆண்கள் எட்டுப் பத்துப் பேர் ஓடி வந்து வெறுங்கையோடு தள்ளி நின்றார்கள். சூப்பர்வைசர் ஷட்டரை முழுக்க இறக்கச் சொன்னார். பொரி வறுத்து விற்கிற ஒரு கிழவர்தான் துண்டை அவள் கையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினார்.

மறுநாள் காலை விஜயதசமி. புனர்பூஜை நடந்தது. கற்பூரம் காட்டி முடித்ததும் ஆளாளுக்கு அவரவர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய்க் கவுண்டரில் கட்டினார்கள். நகவெட்டிகளும் போய், இலையில் அந்தக் கத்தி மட்டும் மிஞ்சியது. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. யாரும் பார்க்காதபோது அதை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். என் பையை யார் திறக்கப் போகிறார்கள்?

ஆனால் விஷயம் எப்படியோ அண்ணாச்சிக்குப் போய்விட்டது. கூப்பிட்டு அனுப்பினார். "ஒங்கள நம்பித்தான மாமி வாசல்ல வச்சிருக்கேன். கத்தி கொண்டாந்தவள அன்னைக்கே அனுப்பிருந்தா இன்னைக்கு நம்ம கட வாசல்ல போலீஸு வந்து நிக்குமா?" என்றார். கெட்ட மனிதர் இல்லை, என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸும் பழமும் கொடுத்தனுப்பினார். கூடவே என் தலைக்கு மேல் இருந்த தாளில் இன்னொரு வரி சேர்ந்தது. கடைக்கு வெளியே ஊழியர்களுக்கு நடப்பவற்றுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. டின்னைத் தூக்கிப் போடச் சொன்னார்கள், போட்டேன். எனக்கு அந்தச் சம்பளம் வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பையில் பேப்பரில் சுற்றிய கத்தி. ஏன் கொண்டு போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவளுடைய பொருள் அவளிடம் சேரட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. அவள் கை முழுக்கக் கட்டு. நுனி விரல்கள் மட்டும் வீங்கி வெளியே தெரிந்தன. நாலு விரலிலும் நரம்பு அறுந்துவிட்டது, தைத்திருக்கிறோம், மடங்குவது சந்தேகம் என்று டாக்டர் சொன்னாராம். கன்னத்தில் தையல். பேசும்போது வாய் ஒரு பக்கம்தான் அசைந்தது.

பேப்பரைப் பிரித்துக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள்.

"இத்த எத்தால புடிக்கறது மாமி?"

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். திட்டியிருந்தால் அழுதுவிட்டு வந்திருப்பேன். அவள் திட்டவில்லை.

"நீ குட்த்த பின்னு எங்கியோ உயுந்துட்ச்சு" என்றாள், ஏதோ என் சாமானைத் தொலைத்துவிட்டது போல. அப்புறம் கேட்டாள். "சாமிக்கு ஒண்ணும் கொற இல்லல மாமி? நான்தான் எடுக்கவே இல்லியே."

குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவள் மறுபடி கடைக்கு வரவில்லை. மடங்காத விரலோடு புடவை மடிக்க முடியாது. அவன் சில மாதங்களில் ஜாமீனில் வந்து, அதே ஜூஸ் கடை ஓரத்தில் ஒன்றிரண்டு நாள் நின்றான். அவள் வரவில்லை என்று தெரிந்ததும் வருவதை நிறுத்திவிட்டான். பிறகு ஒரு தடவை பட்டினப்பாக்கத்தில் அவளைப் பார்த்தேன். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு எதிர்ப்பக்கமாக நடந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் கடையில் மேல்மாடியில் நகைப் பிரிவு திறந்தார்கள். வாசலுக்கு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரை லைசென்ஸ் துப்பாக்கியோடு நிறுத்தினார்கள். தாளில் இருந்த சட்டம் அவருக்கு இல்லை. அந்த ஆயுத பூஜைக்கு அவருடைய இரட்டைக் குழல் துப்பாக்கியும் இலைக்கு வந்தது. அண்ணாச்சி அதன் கட்டைப் பிடியில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். காவல்காரர் துப்பாக்கியை எடுப்பதா வேண்டாமா என்று தயங்கி என்னைப் பார்த்தார். பழக்க தோஷம், நான் வாயைத் திறந்தேன். "நாளைக்குக் கார்த்தாலதான் எடுக்கணும்."

அண்ணாச்சி சிரித்தார். "மாமி, தங்கம் இருக்குத எடத்துல ராத்திரிக்குத் துப்பாக்கி இல்லாம முடியுமா? பொட்டு வச்சாச்சுல்லா, சாமி பாத்தாச்சு. நீங்க எடுத்துக்கிடுங்க" என்று தானே எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

காவல்காரர் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பொட்டு வைத்த துப்பாக்கியோடு வாசலுக்குப் போய் நின்றார். யாரும் குற்றம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சூப்பர்வைசர் பெயர் கூப்பிட்டுப் பொரி கொடுத்தார், நானும் போய் வாங்கிக்கொண்டேன்.

முந்தைய வருஷம் அண்ணாச்சி கத்திக்குப் பொட்டு வைத்தபோது மணி ஐந்தரை. அவள் என்னிடம் வந்து கேட்டபோது ஏழு. அதற்குள் சாமி பார்த்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. நான்தான் எடுத்துக் கொடுக்கவில்லை.