பன்னிரண்டாவது துண்டு

போன மாதம் மாத்தளையில் ஒரு மண்டபத்தில் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு வளைகாப்பு. வாசலில் பலூன் வளைவு. உள்ளே நுழைந்ததும் என் கையில் சிவப்பு நாடா ஒன்றைக் கொடுத்து, பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றுச் சுற்றளவைக் கண்ணாலேயே மதிப்பிட்டு வெட்டச் சொன்னார்கள். சரியாக வெட்டுபவருக்குப் பரிசாம். நான் வெட்டிய நாடா ஒரு தண்ணீர்த் தாங்கியைச் சுற்றி வரும் நீளத்துக்கு இருந்தது. அந்தப் பெண் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

ஓரமாக உட்கார்ந்து கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எனக்குப் பத்து வயதில் என் அம்மா நடத்திய விழா நினைவுக்கு வந்தது. அதை விழா என்று சொல்லலாமா தெரியவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் மம்பட்டியும் கத்தியுமாக வந்தார்கள்.

அம்மாவின் கடைசித் தங்கை, என் சித்தி, அப்போது ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் போகிற ரோட்டுக்கு மேலே ஒரு சரிவில் குடியிருந்தார். வீடு என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். கூரை தகரம், தகரத்தில் ஓட்டை. தண்ணீர் வேண்டுமென்றால் ஐம்பது படி இறங்கி, ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போக வேண்டும். நிறைந்த வாளியுடன் அதே ஐம்பது படி ஏற வேண்டும். சித்தப்பா வெளிநாட்டில் சாரதி. மாமியார் கிடையாது. இந்த நிலையில் சித்திக்கு ஏழாம் மாதம்.

அம்மாவின் அக்கா, அதாவது பெரியம்மா, வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டு வந்தார். அம்மா அந்த நாளை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"வளையல் போட்டா தண்ணி மேல ஏறி வருமாக்கா?"

"ஊரு என்னா சொல்லும்?"

"ஊரையும் கூப்புடுவோம். வந்து வெறகு வெட்டட்டும்."

அம்மாவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவருக்கு நடந்த வளைகாப்பில் முழங்கை வரை வளையல், ஏழு வகைச் சோறு, கண்டியிலிருந்து படம் பிடிக்க ஆள். பிள்ளை பிறந்த பிறகு எட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை. நாற்பது நாளும் தானே அடுப்பு மூட்டி, தானே துணி துவைத்து, தானே குளிப்பாட்டினார். அப்பா சத்தம் போடாமல் பேப்பர் படித்து ஒத்துழைத்தார். பிறந்த பிள்ளை நான்தான் என்பதால் இந்தக் கதையை அம்மா என்னைப் பார்த்தே சொல்வார். நானும் குற்றவாளி மாதிரியே கேட்பேன்.

ஆகவே சித்திக்கு விழா வேண்டாம், வேலை செய்ய ஆள் வேண்டும் என்று முடிவானது. கூப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. அதை ஒரு காகிதத் துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு மறந்துபோச்சு என்று யாரும் சொல்ல முடியாது. எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் அழகான கையெழுத்துக்கு எனக்கு முதல் பரிசு. அன்றிலிருந்து உலகம் என் கையெழுத்துக்காகத்தான் காத்திருக்கிறது என்ற எண்ணத்தில் நடமாடிக்கொண்டிருந்தேன்.

கொப்பியில் சிவப்புப் பேனையால் கோடு போட்டேன். இலக்கம், பெயர், வேலை. அம்மா மரவள்ளிக்கிழங்கு வெட்டிக்கொண்டே சொல்லச் சொல்ல எழுதினேன். அப்பாவுக்குக் கூரை. எங்கள் பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணன் நானாவுக்குப் பீலியிலிருந்து கறுப்புக் குழாய் இழுப்பது; அவர் வீட்டில் மோட்டர் ஒன்று சும்மா கிடந்தது. பெரியம்மாவுக்குப் பத்தியத்துக்கான மல்லி, மிளகு வறுத்து இடிப்பது. இப்படிப் பதினொரு பேர், பதினொரு வேலை. பன்னிரண்டாவதாக வேலை இருந்தது, பெயர் இல்லை.

"புள்ளத் துணி தொவைக்கிறது யாரும்மா?"

"அத விடு. நானே பாத்துக்கிறேன்."

விட முடியவில்லை. அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்கு இன்றைக்கும் உடம்புக்கு ஆகாது. யார் மிச்சம் என்று யோசித்தேன். அலுவிகாரையில் இருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா, அவர் பெயர் பட்டியலில் இல்லை. யோசித்துப் பார்த்தால் வளைகாப்பு, பெயர் வைப்பது என்று இந்த மாதிரி எந்தப் பட்டியலிலும் அவர் பெயரை நான் பார்த்ததே இல்லை. அம்மாவுக்கு ஞாபகசக்தி போதாது என்று முடிவு செய்தேன்.

அத்தைக்குப் பிள்ளை இல்லை. அவர் வீட்டில் ரேடியோ இல்லை என்பது எனக்குத் தெரிந்த மாதிரி அதுவும் தெரியும். பிள்ளையில்லாதவர்கள் இப்படிப்பட்ட இடத்துக்கு வந்தால் கண்ணு படும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு சட்டம் இருந்தது. எழுதப்படாத சட்டம் என்பதால், எழுத்தை மட்டுமே நம்பிய எனக்கு அது எட்டவில்லை. பன்னிரண்டாவது வரியில் 'அத்தை' என்று எழுதி, அவருக்கும் ஒரு துண்டு தயார் செய்தேன்.

நான் போனபோது அத்தை வாசலில் சாக்கை விரித்து மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். துண்டை வாங்கினார். 'அத்தை – பிள்ளைத் துணி துவைத்தல் – நாற்பது நாள்.' ஒரே வரிதான். அதை வாசிக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் அப்பா பேப்பரில் முதல் பக்கத்தை முடித்திருப்பார்.

"இத யாரு எழுதுனா?"

"நான்தான்."

"எழுதுனது நீ. சொன்னது யாரு?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் செயலாளர் தன் அதிகாரத்தை மீறியதாக ஆகிவிடும்.

"அம்மாதான் சொன்னாங்க."

"ஒங்கம்மாவா?"

"ஆமா. மொதப் பேரே ஒங்க பேருதான் அத்தை."

துண்டின் மூலையில் 12 என்று எழுதிச் சிவப்பு வட்டம் போட்டிருந்ததை அந்த நேரத்தில் மறந்துவிட்டேன். அத்தை அந்த மூலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துண்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி கொடுத்தார். விசாரணை முடிந்தது என்று நான் மகிழ்ச்சியாக வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி வீட்டு முற்றம் ஒரு சின்னத் தொழிற்சாலை மாதிரி இருந்தது. அப்பா கூரையில். நானா சரிவில் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பெரியம்மா வறுத்த மல்லியின் வாசனை ரோடு வரைக்கும் போனது. சித்தியை ஒரு கதிரையில் உட்கார வைத்து, எழுந்தால் தெரியும் என்று மிரட்டி வைத்திருந்தார்கள். "வெங்காயமாச்சும் உரிக்கிறேனே" என்று அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் கொப்பியுடன் சுற்றி வந்து, வந்தவர்களுக்கு நேரே சரி போட்டேன்.

அப்போது அத்தை படியேறி வந்தார். கோயிலுக்கு மட்டும் கட்டுகிற நீலச் சேலை. தலையில் அலுமினியச் சட்டி. அதற்குள் சவுக்காரக் கட்டிகள், ஒரு சுருள் கயிறு.

முதலில் உலக்கைச் சத்தம் நின்றது. பிறகு பேச்சு நின்றது. கடைசிப் படியில் ஒரு காலும் அதற்குக் கீழ்ப் படியில் ஒரு காலுமாக அத்தையும் நின்றார்.

"இவுங்கள யாரு கூப்புட்டது?" என்று பெரியம்மா கேட்டார். ரகசியமாகக் கேட்பதாக அவர் நினைத்திருக்க வேண்டும். கூரையில் இருந்த அப்பாவுக்கே கேட்டது.

அத்தை சட்டியை இறக்கி வைத்தார். ரவிக்கைக்குள்ளிருந்து துண்டை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "துண்டு வந்திச்சி" என்றார். முற்றத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

அம்மா வாசித்தார். என் கையெழுத்து. என் சிவப்பு வட்டம். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தகரத்தில் ஓட்டைகளை எண்ணத் தொடங்கினேன். இத்தனை பேர் முன்னால் அடி விழுமா, வீட்டுக்குப் போய் விழுமா என்பது ஒன்றுதான் அப்போது என் கவலை. அந்த முற்றத்தில் அன்று வேறு யாருக்கோ எதுவோ விழப் பார்க்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"சொல்லு புள்ள. நீயா கூப்புட்ட?" என்று அம்மாவைக் கேட்டார் பெரியம்மா.

அம்மா துண்டை மடித்தார்.

"நாந்தான் கூப்புட்டேன். வாங்க அண்ணி. மேல வாங்க."

"ஏழாம் மாசத்துல போயி..."

"நாப்பது நாளும் நீங்க வந்து தொவைக்கிறீங்களாக்கா?"

மல்லி கருகுது என்று சொல்லிப் பெரியம்மா அடுப்பைப் பார்க்கப் போனார். மல்லி கருகவில்லை. நான் போய்ப் பார்த்தேன்.

அதற்குள் சித்தி தடையுத்தரவை மீறி எழுந்துவிட்டார். பிறக்கும் முன் புதுத் துணி வாங்கக் கூடாது என்பதால், வீடு வீடாகச் சேர்த்த பழைய சேலைகளும் வேட்டிகளும் ஒரு குவியலாகக் கிடந்தன. அதை அள்ளிக்கொண்டு அத்தையிடம் வந்தார்.

"இதுல எது ஆகும்னு சொல்லுங்க அண்ணி. ஆளுக்கொண்ணு சொல்றாங்க."

அத்தை அவர் கையிலிருந்து வாங்கவில்லை. கதிரையில் வைக்கச் சொல்லி, பிறகு எடுத்தார். ஒவ்வொன்றையும் தன் கழுத்தில் தேய்த்துப் பார்த்தார். கஞ்சி போட்டதெல்லாம் ஒரு பக்கம் போனது. பெரியம்மா பெருந்தன்மையுடன் தந்த சரிகைச் சேலை இன்னொரு பக்கம் போனது. தம்பி தங்கை என்று ஐந்து பேரை இடுப்பில் வைத்து வளர்த்தவர் அவர். அதில் ஒருவர் அப்பா.

"இந்தா, இது ஆகும். நல்லாத் தேஞ்சிருக்கு. இவன நான் மாவுச் சாக்குத் துணியில வளத்தேன். அதான் இப்படி."

"எனக்குக் கேக்குதுக்கா" என்று கூரையிலிருந்து குரல் வந்தது.

முற்றமே சிரித்தது. பெரியம்மாகூட உலக்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த வேகத்தில் சித்தி வயிற்றைப் பிடித்தார். "பாருங்கண்ணி, ஒதைக்கிது" என்று அத்தையின் கையைப் பிடித்து இழுத்தார். அத்தை கையை வெடுக்கென்று பின்னால் எடுத்துக்கொண்டார். "கை ஈரம்" என்றார், சேலையில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

கை ஈரமாக இல்லை. இன்னும் அவர் தண்ணீரையே தொடவில்லை. இதைச் சுட்டிக்காட்ட நான் வாயைத் திறந்தபோது அம்மா என் தோளில் ஒரு கிள்ளு வைத்தார்.

"காயட்டும். நான் இங்கதான ஒக்காந்திருக்கேன்" என்று சித்தி கதிரையில் உட்கார்ந்தார்.

கூரை வேலை முடிந்ததா என்று பார்த்து வர என்னை அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அத்தை சித்தியின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். கை காய்ந்துவிட்டது போல. அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. உலக்கைச் சத்தம் மட்டும் மெதுவாகக் கேட்டது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வந்தது. முதலில் ஒரு தவளை வந்தது, பிறகு தண்ணீர். அத்தை பழைய துணிகளையெல்லாம் வெந்நீரில் போட்டு எடுத்து, கல்லில் துவைக்க ஆரம்பித்தார். சொன்னால் சொன்னதுதான். பிறகு பிள்ளை பிறந்ததும் இரண்டு பஸ் மாறி நாற்பது நாளும் வந்தார். நாற்பத்தோராம் நாளும் வந்தார். பெரியம்மாவின் சட்டம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது.

பன்னிரண்டுக்கு நேரே சரி போடுவதற்காக நான் கொப்பியுடன் துவைக்கும் கல்லுக்குப் போனேன். அம்மாவும் அத்தையும் ஒரு சேலையின் இரண்டு முனைகளைப் பிடித்து முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்கள். அத்தைதான் பேச்செடுத்தார்.

"ஒன் மக நல்லா எழுதுறா."

"ஆமாங்க அண்ணி. சொல்லாததையும் சேத்தே எழுதுறா."

"மொதப் பேரே எம் பேருதான்னா."

அம்மா பிழிவதை நிறுத்தினார்.

"அப்படியா சொன்னா?"

"அப்படித்தான் சொன்னா."

இருவரும் ஒரே நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தார்கள். முறுக்கிய சேலை அவிழ்ந்து தண்ணீர் இருவர் காலிலும் கொட்டியது. சிரிப்பு நின்ற பிறகும் அம்மா ஈரச் சேலை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சவுக்காரம் பட்டிருக்கும். கையெழுத்து அழகாக இருப்பதில் இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று யோசித்தேன். ஆனாலும் பாராட்டு பாராட்டுத்தானே. ஒரே பொய்யில் இரண்டு பெரிய ஆட்களை ஏமாற்றிவிட்ட திருப்தியில், பன்னிரண்டாவது வரிக்கு நேரே மற்றவற்றைவிடப் பெரிதாகச் சரி போட்டேன்.

அம்மா என் கொப்பியை எட்டிப் பார்த்தார். அடிக்கவில்லை.

"அடுத்த தடவ எழுதுறப்ப அத்தை பேர மொத வரியில எழுது" என்றார்.

எனக்குச் சரியான எரிச்சல். அப்படியானால் பதினொரு பேருக்கும் இலக்கத்தை மாற்ற வேண்டும். கோடு முழுவதையும் மறுபடி சிவப்பில் போட வேண்டும். இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?