வண்டுகளுக்கு நான் செய்த உபகாரம்

ஒன்பது வயதில் நான் செய்த ஓர் உபகாரத்தைப் பார்த்துவிட்டு என் சின்னம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி பக்கத்திலேயேதான் இருந்தது.

அம்மாவின் தங்கையான அவர் அப்போது பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். செம்பனை எனும் எண்ணெய்ப்பனையின் பூவில் மொய்க்கும் நீள மூக்குக் கூன்வண்டுகளில் ஒரே ஒரு பேரினத்தை எடுத்துக்கொண்டு, அதில் எத்தனை வகை உண்டு என்று பிரிப்பதுதான் அவர் வேலை. வண்டு ஒவ்வொன்றும் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதற்காக மூவார் முதல் குளுவாங் வரை இரண்டு வருடம் தோட்டம் தோட்டமாக அலைந்திருந்தார். லாயாங் லாயாங்கில் எங்கள் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்தபோது வண்டுப் பெட்டியும் கூடவே வந்தது. ஒவ்வொரு வண்டும் ஓர் ஊசியில்; அதற்குக் கீழே நகத்தளவு சீட்டு. அதில் பிடித்த ஊர், தேதி, பிடித்தவர் பெயர்.

எங்களுக்குப் பள்ளியில் வகைப்படுத்துதல் பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது. சின்னம்மா கடைக்குப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன். கோணல்மாணலான அந்தச் சீட்டுகள் என் கண்ணை உறுத்தின. அத்தனையையும் உருவி ஒரு டப்பாவில் கொட்டினேன். பள்ளிச் சபைகூடல் வரிசை மாதிரி வண்டுகளில் குட்டையை முன்னாலும் நெட்டையைப் பின்னாலும் நிறுத்தினேன். பாராட்டு வாங்க வாசலிலேயே காத்திருந்தேன்.

"அலமாக்! ஐயையோ! எது எந்த ஊரு வண்டுன்னு இனிமே எப்படிடி கண்டுபிடிப்பேன்?"

"பாத்தா தெரியாதா சின்னம்மா?"

"பாத்தா எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும். எங்கேர்ந்து வந்துச்சுன்னு சீட்டு இல்லன்னா யாரும் ஏத்துக்க மாட்டாங்க. தூக்கிப் போட வேண்டியதுதான்."

அடி நிச்சயம் என்று அம்மாவைப் பார்த்தேன். கையில் கரண்டியோடு நின்ற அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. விறுவிறுவென்று அறைக்குள் போய்விட்டார். சின்னம்மா வண்டுகளை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினார்.

"அக்கா, நான் வண்டத்தான் சொன்னேன், உன்ன இல்லக்கா!"

"என்கிட்டயும் அந்தச் சீட்டு இல்லதானே" என்று அம்மா அழுதது கதவுக்கு வெளியே கேட்டது. அம்மா அழுது நான் கேட்டதே இல்லை.

இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். தோட்டத்து வீட்டில் பிறந்த அம்மாவின் பிறப்பை யாரும் பதியவில்லை. சின்னம்மா பிறந்தது ஆஸ்பத்திரியில். அதனால் தங்கைக்கு நீல ஐசி, அதாவது குடியுரிமை உள்ளவர்களின் அடையாள அட்டை. அக்காவுக்குச் சிவப்பு ஐசி; நாட்டில் தங்கலாம், குடியுரிமை கிடையாது. நீல ஐசிக்கு மனு போடப் போன அம்மாவை, பிறப்புப் பத்திரம் கேட்டு அலுவலகத்தில் எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. சிவப்பு பிடிக்கும் என்று அம்மாவே கேட்டு வாங்கிக்கொண்டார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அன்றைக்கு எனக்குப் பட்டது இதுதான்: அம்மாவுக்குச் சீட்டுதானே குறை? சின்னம்மாவின் மெல்லிய பேனாவை எடுத்து, நகத்தளவு தாளில் அம்மாவின் பெயரை எழுதினேன். ஊர், லாயாங் லாயாங். தேதி தெரியாததால் அன்றைய தேதி. பிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

அம்மா அதைப் படித்தார். என்னை இறுகக் கட்டிக்கொண்டு முன்னைவிடப் பலமாக அழுதார். சீட்டு சின்னதாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு, பெரிதாக ஒன்று எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.