போட்டாச்சா?

குறுவை அறுவடை முடிந்த புரட்டாசியில் எங்கள் ஊரில் யாரும் யாரையும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். நெல்லை அரசுக் கொள்முதல் நிலையத்தில் போட்டாயிற்றா என்று அர்த்தம்.

சிங்கப்பூரிலிருந்து என் கணவர் போனில் கேட்டதும் அதைத்தான். இந்தக் குறுவை நல்லபடியாகத் தேறினால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அதனால் அந்த நெல்தான் எனக்கு உயிர்.

அறுக்க ஆளில்லை. பாதிப் பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். மிஷின் விட்டு அறுத்தோம். அது பச்சை நெல்லையும் சேர்த்து உதிர்த்துத் தள்ளியது. நிலையத்து வாசலில் குவித்துவிட்டுக் காத்திருந்தேன். கிளார்க் ஒரு பிடி அள்ளிக் கருவியில் போட்டுப் பார்த்தார்.

"ஈரம் அதிகமா இருக்கும்மா. காய வச்சுக் காட்டுங்க."

வெயிலே தலைகாட்டாத வாரத்தில் எதில் காய வைப்பதாம்? கிழக்கே, கடல் பக்கம், கறுத்துக்கொண்டு வந்தது. தூறினால் படுதா போட்டு மூடுவேன். விட்டதும் பிரிப்பேன். மூடியே கிடந்தால் உள்ளே புழுங்கி முளைத்துவிடும். ஒருமுறை குவியலுக்குள் கையை விட்டேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி சுட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஒருவழியாக வெயில் அடித்தது, எடுத்துக்கொண்டார்கள். மூட்டைகள் லாரியில் ஏறும்வரை நின்று பார்த்துவிட்டு, "போட்டாச்சு!" என்று போனில் கத்தினேன். ஞாயிற்றுக்கிழமை பேசி முடிவெடுக்கலாம் என்றார்.

அதற்குள் உறவில் ஒரு அறுபதாம் கல்யாணம். திருக்கடையூருக்கு பஸ்ஸில் போனேன். நல்ல மழை. வழியில் அரசின் திறந்தவெளிக் கிடங்கு ஒன்றில் நெல் மூட்டைகள் மலைமலையாகக் கிடந்தன. மேலே கிழிந்த படுதா காற்றில் அடித்துக்கொண்டது. சாக்கு இடுக்கெல்லாம் பச்சைப் பசேலென்று முளை. யார் வீட்டு நெல்லோ, எங்களுடையதாகவும் இருக்கலாம். ஈரம் என்று என்னை அழவிட்டவர்கள் அதை மழையில் போட்டிருந்தார்கள்.

"வருஷா வருஷம் இப்படித்தான்," என்றார் பக்கத்து சீட்டு அம்மா, வெற்றிலையை மென்றுகொண்டே. அந்தச் சாதாரணக் குரல்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. விளைந்ததை இப்படி விட்டுவிடுகிற இடத்தில், அதை நம்பி என் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தால் எங்கள் பிள்ளைகள் கதி என்ன?

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அதான் போட்டாச்சுல்ல, இனி என்ன பயம்? வேலைய விட்டுட்டு வந்துரட்டுமா?"

"வேணாங்க," என்றேன். "அங்கயே இருங்க."