விலை போடாத பெட்டிகள்

பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் வகுத்தல் சார். பக்கத்து மேசையில் உட்கார்ந்து பல வருஷம் அவரைச் சகித்துக்கொண்டவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பெயரில் மிகை எதுவும் இல்லை. யாராவது பெரிய வீடு கட்டியிருக்கிறார்கள் என்றால், "அதுல எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்பார். என் மாமியார் ஓயாமல் பேசுகிறார் என்று ஒருநாள் புலம்பினேன். "நீங்க பேசுறதோட வச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்றார். அன்று முழுக்க நான் அவர் முகத்தில் விழிக்கவில்லை.

எங்கள் பிரிவின் வேலையும் அந்த வகுத்தல்தான். எந்த நாடு எவ்வளவு ஆயுதம் வெளியே விற்றது என்று திரட்டுவோம். துப்பாக்கி, பீரங்கி, குண்டு, போர் விமானம் எல்லாம் உண்டு. அணுகுண்டு மட்டும் கிடையாது, அதற்கு வேறு மாடி. விற்ற தொகையை அந்தந்த நாட்டின் பொருளாதாரத்தால் வகுத்து வருஷத்துக்கு ஓர் அட்டவணை வெளியிடுவோம். வகுக்காமல் பார்த்தால் பெரிய நாடுகள்தான் எப்போதும் மேலே நிற்கும். வகுத்துப் பார்த்தால்தான் எங்கோ ஒரு சின்ன நாடு குண்டு விற்றே அடுப்பெரிக்கிறது என்பது தெரியும்.

இந்த அட்டவணைக்கு ஒரு விதியை எழுதியவரும் அவர்தான். கைக்கு வந்த காசு மட்டுமே ஏற்றுமதி. அதற்கு முன்பு ஒவ்வொரு நாடும் தன் பீரங்கிக்கு வாய்க்கு வந்த மதிப்பைச் சொல்லிக்கொண்டிருந்தது. "மதிப்பு பொய் சொல்லும், வாங்குன காசு பொய் சொல்லாது" என்று வாதாடி ஜெயித்தார். நியாயமான விதிதான். நான் வேலை கற்றுக்கொண்டதும் அதை வைத்துத்தான்.

அவருக்கு ஒரே மகள். எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். எல்லைக்கு அப்பால் இரண்டு நாடுகள் அடித்துக்கொள்ள ஆரம்பித்ததும், ஓர் உதவிக் குழுவோடு அங்கே போய்விட்டாள். போகாதே என்று அவர் மனைவி அழுது பார்த்தார், பட்டினி கிடந்து பார்த்தார். மகள் அசையவில்லை. பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். நான் பக்கத்து மேசையைப் பார்த்தேன்.

இந்த வருஷ அட்டவணையில் எங்கள் நாடு மளமளவென்று கீழே இறங்கியிருந்தது. ஆயுத விற்பனையில் கீழே இறங்கினால் நல்ல பெயர். இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. சாரை டிவியில் உட்கார வைத்தார். "நம்ம பொருளாதாரத்தோட வச்சுப் பார்த்தா, இவ்வளவு குறைஞ்ச வருஷம் இதுவரைக்கும் வந்ததில்ல" என்றார் சார், இரவல் கோட்டில் வியர்த்துக்கொண்டே. மகள் அதை அங்கே செல்போனில் பார்த்து, வார்டு ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினாளாம். ஆயா அந்த ஊர்க்காரி. அவளுடைய பையன் அதே வார்டில் படுத்திருந்தான். தெருவில் விழுந்த குண்டில் ஒரு கால் போய்விட்டது. "எங்க நாட்டுக் குண்டு இங்க வராதும்மா. இந்தக் கணக்கே எங்க அப்பாதான் போடுறாரு" என்று மகள் சொல்லியிருக்கிறாள். ஆயா நம்பினாள். அன்றிலிருந்து இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

அதற்கடுத்த வாரம் மகள் கூப்பிட்டாள். சாருக்குக் காது கொஞ்சம் மந்தம், போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். வேண்டாமென்றாலும் எனக்குக் கேட்கும்.

"அப்பா, தெருவுல குண்டு போட்டவங்க இடத்தைக் காலி பண்ணிட்டு ஓடிட்டாங்க. விட்டுட்டுப் போன பெட்டிங்களை ஜனங்க விறகுக்கு உடைச்சு எடுத்துட்டு வந்தாங்க. ஆயாவும் ஒரு பலகை கொண்டுவந்தா. அதுல நம்ம எழுத்து இருக்குப்பா."

"நம்ம எழுத்துன்னா?"

"நம்ம தொழிற்சாலை பேரு. இங்க அதைப் படிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். என்ன எழுதியிருக்குன்னு ஆயா என்னைத்தான் கேட்டா. எனக்குத் தெரியலன்னு சொல்லிட்டேன். அது எப்படி அங்க போச்சுன்னு விசாரிச்சுச் சொல்லுங்க. அப்புறம் அவகிட்ட என்ன சொல்றதுன்னு பார்க்கிறேன்."

அவர் விசாரிக்கவே தேவையிருக்கவில்லை. கிடங்கில் கெடு முடியப்போகிற பழைய குண்டுகளை, அழிக்கிற செலவு மிச்சம் என்று, எல்லைக்கு அப்பால் சண்டை போடுகிற ஒரு ராணுவத்துக்கு அரசாங்கம் சும்மா தூக்கிக் கொடுத்திருந்தது. அந்த விவரம் எங்கள் பிரிவுக்கும் வந்தது. விலை இல்லை, ஆகவே ஏற்றுமதி இல்லை. விதிப்படி பூஜ்யம் போட்டார். காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு அந்த வருஷம் அனுப்பியது கொஞ்சம்தான். அதனால்தான் அட்டவணையில் அப்படி இறங்கினோம். பெட்டி பெட்டியாகப் போன வருஷத்தில் கணக்கு குறைந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு யாரும் மெனக்கெடவில்லை, எங்கள் விதியே மறைத்துக் கொடுத்தது.

சார் இயக்குநரின் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன், சும்மா இருக்க என்னால் முடியாது.

"அட்டவணைக்குக் கீழ ஒரு வரி சேர்க்கணும் சார். இனாமா குடுத்ததும் குண்டுதான்."

இயக்குநர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "விலையே இல்லாததை எப்படி வகுப்பீங்க? அதோட, நீங்க எழுதுன விதிதானே இது?" என்று சிரித்தபடி கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். குண்டையும் அப்படியே கொடுக்கலாம் போலிருக்கிறது என்று நான் முணுமுணுத்தது இயக்குநர் காதில் விழுந்தது. எனக்கு மெமோ வந்தது. அட்டவணையில் வரி வரவில்லை.

மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"சார், வேற யாராவது திருடிட்டுப் போயிருப்பாங்கன்னு சொல்லிடுங்க. பொண்ணு அங்க அந்த ஜனங்களோட இருக்கணும் இல்ல? நம்ம ஊர்ப் பெட்டின்னு தெரிஞ்சா அவ தட்டுல யார் கை வைப்பாங்க?"

"தெரியும்மா" என்றார். "ராத்திரியெல்லாம் அந்தப் பொய்யைத்தான் சொல்லிப் பார்த்துட்டு இருந்தேன்."

போன் அடித்தது. எடுத்தார்.

"விசாரிச்சீங்களாப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்லுங்கள் என்று கையால்கூடச் சைகை காட்டினேன்.

"நம்ம பெட்டிதான் கண்ணு. சும்மா குடுத்திருக்காங்க. காசு வாங்காததால நான் கணக்குல எழுதல."

அந்தப் பக்கம் தள்ளுவண்டி உருண்டது, யாரோ யாரையோ அதட்டினார்கள். பிறகு மகள் பேசினாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"நான் அவகிட்ட உங்க பேரைச் சொல்லித்தான் சத்தியம் பண்ணேன். இதை நான் எப்படிப்பா சொல்லுவேன்? ஆயா இங்கதான் நிக்கிறா. நீங்களே சொல்லுங்க. நான் அவ பாஷையில மாத்திச் சொல்றேன்."

சார் எழுந்து நின்றார். ஏன் நின்றார் என்று எனக்குத் தெரியாது. நானும் எழுந்துவிட்டேன். "அம்மா" என்றார். "உன் பையன் மேல விழுந்தது எங்க ஊருல செஞ்சது. என் பொண்ணு பொய் சொல்லல. அவளுக்குத் தப்பாச் சொன்னவன் நான்தான்."

மகள் விட்டு விட்டு மாற்றிச் சொன்னாள். ஆயா கத்துவாள், சபிப்பாள் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவள் திட்டவில்லை. எங்களுக்குப் புரியாத பாஷையில் சின்னதாக ஏதோ கேட்டாள்.

"என்னம்மா கேக்குறாங்க?" என்றார் சார்.

"மொத்தம் எத்தனை பெட்டி குடுத்தாங்கன்னு கேக்குறாப்பா. இன்னும் எத்தனை விழும்னு தெரிஞ்சா, வீட்டுல இருக்கிற சின்னவனையும் தூக்கிட்டு ஊரை விட்டுப் போறதா வேண்டாமான்னு முடிவு பண்ணலாமாம்."

உலகத்து நாடுகளையெல்லாம் வகுத்து வைத்த மனிதர் அந்த விவரத் தாளை எடுத்து மேலிருந்து கீழே தேடினார். எங்களுக்கு வந்த விவரத்தில் விலை என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தது. எண்ணிக்கைக்கு அதில் கட்டமே கிடையாது.

"தெரியலம்மா" என்றார். "நாங்க அதைக் கேட்டு வாங்குறதே இல்ல."

மகள் அதையும் மாற்றிச் சொன்னாள்.