சித்தி எரியவைத்த டியூப் லைட்

சித்தியைப் பெண் பார்க்க அம்பாசமுத்திரத்திலிருந்து காரில் வந்தார்கள் என்பதே எங்கள் தென்காசித் தெருவுக்குப் பெரிய செய்தி. சித்தி அம்மாவின் தங்கை. சென்னையில் பௌதிகம் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தவள், லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எனக்கு எட்டு வயது. அந்தக் காரில் குற்றாலம் வரைக்குமாவது போய்வர வேண்டும் என்பதற்காகவே இந்தக் கல்யாணம் நடக்கட்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டிருந்தேன்.

கேசரியைச் சாப்பிட்டு முடித்த மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்: "இந்தப் படிப்புல அப்படி என்னதான் இருக்கு? பாதியில விட்டாத்தான் என்ன?"

சித்தி எழுந்துவிட்டாள். "காட்டுதேன் மாமா, வாங்க."

அப்பாவின் ஜவுளிக்கடையில் பழுதாகிக் கழற்றிய டியூப் லைட் ஒன்று மூலையில் கிடந்தது. அதை என் கையில் கொடுத்து, எல்லோரையும் கார் நின்ற கொட்டகைக்கு அழைத்துப்போனாள். வெளியே சாரல். பட்டப்பகலிலேயே கொட்டகைக்குள் இருட்டு. டிரைவர் பானெட்டைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டார்.

"ஏட்டி, பயப்படாத. எஞ்சின்ல பிளக்குக்குப் போற அந்த ஒயருக்குப் பக்கத்துல கொண்டுபோ" என்றாள் சித்தி.

கொண்டுபோனேன். எந்தக் கம்பியும் தொடாமலே டியூப் லைட் என் கையில் பளிச் பளிச்சென்று எரிந்தது! நான் கத்தியே விட்டேன். டிரைவர் "யப்பா முருகா!" என்றார். மாப்பிள்ளை வாயைப் பிளந்து நின்றார்.

சித்தி உற்சாகமாய்ச் சொல்லிக்கொண்டே போனாள். குழாய்க்குள் இருக்கும் வாயுவின் அணுவிலிருந்து எலக்ட்ரானை மின்சாரம் பிய்த்துவிடுகிறது என்றாள். ஆதியில் நட்சத்திரமே இல்லாமல் அண்டம் முழுக்க வாயு இருண்டு கிடந்ததாம். பிறகு எங்கோ எழுந்த வெளிச்சம் பட்டு, அத்தனை வாயுவிலிருந்தும் இதேபோல எலக்ட்ரான் பிய்ந்துபோனதாம்.

"அது எந்த வெளிச்சம்மா?" என்று கேட்டார் அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளையின் அம்மா.

"தெரியாது அத்தை. இன்னும் யாருக்குமே தெரியாது. அதத்தான் நான் தேடணும்னு இருக்கேன்."

மாப்பிள்ளையின் அப்பா வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார். ஏறுவதற்கு முன் அந்த அம்மா மட்டும் சித்தியின் கன்னத்தைத் தொட்டு, "விட்டுராத" என்றார்.

அம்மா அழுதாள். நானும் அழுதேன். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் கல்யாணம் முடிவாகியிருக்கும் என்று நான் நம்பினேன்.

"நல்லாப் படிச்சு வச்சிருக்கக் கூடாதா சித்தி?" என்றேன்.

அவள் என்னைத் தூக்கிக்கொண்டு சாரலில் தட்டாமாலை சுற்றினாள். தெரியாது என்று சொல்லித் தோற்றுப்போனவளுக்கு இத்தனை சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.