நாலு போர்ட்டா, எட்டு போர்ட்டா

வீட்டுக் கேமராக்களுக்கு, ஒரே வயரில் கரண்டும் படமும் போகிற பி.ஓ.இ. சுவிட்ச் வாங்க இன்று பெரம்பலூர் போனேன்.

வாசல், கொல்லை, மோட்டார் கொட்டகை என மூன்றே கேமரா. கேமராவுக்கு ஒரு போர்ட்தானே, விலை குறைந்த நாலு போர்ட் போதும் என்றேன்.

"எந்த ஊருங்க?" என்றார் கடைக்காரர்.

"லெப்பைக்குடிக்காடு."

"அந்த ஊர்ல பாதிப் பேரு வெளிநாடாச்சே, வூட்டுக்காரரும் வெளிநாடுங்களா? அப்ப எட்டு போர்ட்டா எடுத்துக்கங்க. மொதல்ல திருடனுக்குன்னுதான் மாட்டுவாங்க. அப்புறம் கூடத்துக்கு ஒண்ணு, புள்ளைங்க படிக்கிற எடத்துக்கு ஒண்ணும்பாங்க."

துபாயிலிருக்கும் கணவருக்குப் போன் போட்டு, சிரித்துக்கொண்டே இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எட்டே வாங்கு. சாப்பிடுற எடத்துல ஒண்ணு மாட்டிரு."

வாங்கிவிட்டேன். இனி நாங்கள் சாப்பிடுவதை அவர் பார்ப்பார். அவர் சாப்பிட்டாரா என்று நாங்கள் பார்க்க எந்தச் சுவிட்ச் நல்லது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.