அலுமாரிக்குள் இரண்டு பேர்

அக்கா கயிற்றைக் கீழே வைத்த விதம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. உருத்திரபுரத்தில் ஒரு பள்ளிக்கூட முற்றம். வகுப்பறையின் ஓட்டுக்கூரைக்கு மேலே ஒரு பெரிய வாகை மரம் சாய்ந்து நின்றது. மாரி தொடங்க முன்னம் அதன் கொப்புகளை இறக்கித் தருவதாக அதிபருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஏற வேண்டியவர் இடுப்பில் கயிறு கட்டி ஆயத்தமாக நின்றார். அக்கா தன் கையிலிருந்த மறுமுனையை வளையம் வளையமாகச் சுற்றி, ஆறுதலாகக் குனிந்து, மணலில் வைத்தார். "நான் பிடிக்க மாட்டன், முதலாளி" என்றார். ஒரு மனிதர் தன் மனைவியின் பிள்ளைப்பேற்றுக்கு வீடு போய்ச் சேருவாரா இல்லையா என்பது அந்த நேரத்தில் என் கையில் இருந்தது. சத்தியமாக எனக்கு அது தெரியாது.

எங்களுடையது மரம் பராமரிக்கும் சின்னத் தொழில். மாமரத்தில் ஒட்டி வளர்ந்து சாற்றை உறிஞ்சும் குருவிச்சையை எடுப்போம், கூரைக்கு மேலே நீண்டுவிட்ட கொப்புகளை அளவாக வெட்டுவோம், பட்டுப்போன கிளைகளை ஆளுக்கும் வீட்டுக்கும் சேதமில்லாமல் இறக்குவோம். ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின், இரண்டு மெசின் வாள், ஐந்தாறு பேர். அக்கா என்னைவிடப் பத்து வயது இளையவர். ஏறுகிறவர்கள் அக்கா, அக்கா என்று கூப்பிட்டதில் எனக்கும் அவர் அக்காவாகிவிட்டார். அவருடைய தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். என்னுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வாய்க்கால் காணிக்கு வந்த குடும்பம். மலையகத்திலிருந்து வந்தவர்களைப் பற்றி எங்கள் ஆட்கள் எப்படியெல்லாம் கதைப்பார்கள் என்பதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நானும் கதைத்தவன்தான்.

ஏறுகிறவரின் இடுப்புக் கயிறு மேலே ஒரு பலமான கொப்பைச் சுற்றி அக்காவின் கைக்கு வரும். மேலே கால் வழுக்கினால் ஆளைத் தாங்குவது அந்தக் கைதான். அதனால் அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. யாரும் மரத்தில் கால் வைக்க முன்னம் "ஏறலாமோ?" என்று கேட்பார். ஏறுகிறவர் தன் வாயால் ஓம் சொல்ல வேண்டும். "இண்டைக்கு வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் அவ்வளவுதான், ஏன் என்ற கேள்வியே இல்லை, அன்றைக்கு அந்த மரம் அப்படியே நிற்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கலியாணத்துக்கு மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்கிற மாதிரி இதென்ன கண்டறியாத கேள்வி என்று எத்தனையோ தரம் புறுபுறுத்திருக்கிறேன்.

அந்த வருடம் என்னிடம் ஏறிக்கொண்டிருந்த இரண்டு பேர் வெளிநாடு போய்விட்டார்கள். மாங்குளம் சந்தியில் அறிமுகமான ஒரு தரகர் மலைநாட்டிலிருந்து இரண்டு பேரைக் கொண்டுவந்து இறக்கினார். போகும்போது அவர்களுடைய அடையாள அட்டைகளைச் சொப்பிங் பையில் சுற்றி என் கையில் தந்தார். "பத்திரமா வைச்சிருங்கோ, உவங்கள் துலைச்சுப் போடுவாங்கள்" என்றார். நான் அதை நல்ல காரியம் என்றே நினைத்தேன். யுத்த காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடி வரிசையில் நின்று, சட்டைப்பையிலுள்ள ஐசியை, அந்த அடையாள அட்டையை, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் தடவிப் பார்த்து வளர்ந்த ஆட்கள் நாங்கள். அது தொலைந்தால் ஆளே தொலைந்த மாதிரி. மரத்தில் ஏறுகிறவனின் பையில் அது எப்படி நிற்கும்? வீட்டுக்குக் கொண்டுபோய், என் காணி உறுதிப் பத்திரம் கிடக்கும் தட்டிலேயே இரண்டையும் வைத்து, அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டேன். எவ்வளவு பொறுப்பான முதலாளி என்று என்னை நானே மெச்சியும் கொண்டேன்.

இனி அந்தப் பள்ளிக்கூட முற்றம். "ஏறலாமோ, தம்பி?" என்று அக்கா கேட்டார். வந்த இருவரில் மூத்தவர், முப்பது வயதிருக்கும், அதுவரை உடனே "ஆமாங்க" என்று ஏறியவர், அன்று பதில் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். நான் பெரிய மனிதத் தோரணையில் தலையாட்டினேன். அப்போதுதான் கயிறு மணலுக்குப் போனது.

"அவரைத்தானே கேட்டனான்? நீங்கள் ஏன் தலையாட்டினீங்கள்?"

"விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா. மழை வரப்போகுது."

"வரட்டும். அவருக்கு வாய் இருக்கு."

பிறகு அவர் என்னைக் கவனிக்கவேயில்லை. அந்த மனிதருக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவருடைய பேச்சே மாறியது. தாய் தகப்பனிடம் கேட்டுப் பழகிய பேச்சாக இருக்க வேண்டும். "ஊருக்கு எப்ப போறீங்க?" என்று கேட்டார். அவர் மறுபடியும் என் பக்கம் திரும்பினார். "அவரப் பாக்காதீங்க. என்னயப் பாத்துச் சொல்லுங்க."

அவர் மிகவும் மெதுவாகச் சொன்னார். "பொஞ்சாதி நெறமாசமா இருக்குங்க. இந்த வாரமே பொறந்துரும்னு சொன்னாங்க. மரமெல்லாம் முடிஞ்சாத்தான் மொதலாளி ஐசி தருவாருன்னு தரகர் சொன்னாருங்க. அது இல்லாம எப்புடிங்க போறது?"

"ஐயோ, நான் அப்பிடிச் சொல்லவே இல்லை!" என்று கத்திவிட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள்.

"சொல்லேல்லைத்தான்" என்றார் அக்கா. "ஆனா பூட்டினது நீங்கள்தானே?"

தரகர் என்னிடம் ஒரு கதை, அவர்களிடம் ஒரு கதை சொல்லியிருக்கிறார். அவர்களைப் பூட்ட அவருக்கு ஓர் அலுமாரி வேண்டியிருந்தது. என்னுடையது கிடைத்தது. மூன்று கிழமையாக என் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, "நல்லாயிருக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த இருவருக்கும் நான் மறியற்சாலைக் காவலனாக இருந்திருக்கிறேன். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன். அலுமாரியைத் திறந்து இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். பொய் சொல்லவில்லை, அழுதேன்.

அட்டையைக் கையில் வாங்கியதும் மூத்தவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சட்டைப்பையில் வைத்தார், மேலே கையை வைத்து அழுத்தினார். இடுப்புக் கயிற்றைத் தானே அவிழ்த்தார். "நான் ஏறலைங்க. போறேங்க" என்றார். அக்கா அவரை என் மோட்டார் சைக்கிளிலேயே ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டுபோய் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தார். மற்றவர் தன் அட்டையைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு எங்களோடு நின்றார்.

"எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?" என்று பின்னேரம் கேட்டேன்.

"பயந்த ஆள் மரத்தைப் பாப்பான், முதலாளி. இவர் உங்களைப் பாத்தவர்."

இருபது வருடமாக மரத்தையும் ஏறுகிறவனையும் பார்த்து வந்தவன் நான். ஒரு மனிதனின் கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில் இவ்வளவு இருக்கிறதென்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அக்காவுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. அன்று தொடங்கிய வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

தரகர் தொலைபேசியில் வந்து, தன்னைக் கேட்காமல் எப்படி ஆளை விட்டாய் என்று குதித்தார். அக்கா போனைப் பறித்தார். "ஆள் என்ன உங்கட மாடோ, அவிட்டுவிட உங்களைக் கேக்கிறதுக்கு?" மறுநாள் இருவருமாகப் பொலிசில் போய் முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம். மழை எங்களை முந்திக்கொண்டது. ஒரு கொப்பு முறிந்து ஓடுகள் உடைந்தன. நல்லகாலம், அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதிபர் என்னை நாறக் கிழித்தார். எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இப்போது எங்களிடம் யார் வேலைக்கு வந்தாலும், கொண்டுவந்தவரை அனுப்பிவிட்டு, அக்கா தனியே கூப்பிட்டு முதலில் கேட்பது ஊருக்கு எப்போது போவீர்கள் என்பதைத்தான்.

போனவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பிள்ளை பிறக்கும்போது போய்ச் சேர்ந்தாரா, ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. மாதங்கள் போகப் போக எனக்குள் ஒரு குறை வளர்ந்தது. போன கிழமை மாங்குளத்தில் ஒரு வேம்பின் கீழே வேலை முடித்துச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது வாயை விட்டுவிட்டேன்.

"ஒரு போன் எண்டாலும் எடுத்திருக்கலாம், அக்கா. வேலைக்கும் திரும்பி வரேல்லை."

அக்கா மெசின் வாளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வராமல் இருக்க அவரால ஏலுது எல்லோ? அப்ப அவரைச் சரியாத்தான் விட்டிருக்கிறம், முதலாளி."